வேட்டிக்குப் பின்னால் ஒரு வகுப்பு

குரு எமல்டா டீச்சர். சிஷ்யை பாண்டீஸ்வரி. குருவைவிடச் சிஷ்யைக்கு ஏழெட்டு வயது அதிகம். அதனால் குரு அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அக்கா என்று கூப்பிட்டபடியே நன்றாகத் திட்டவும் செய்வார்.

திண்டுக்கல்லில் எமல்டா டீச்சர் சொல்லிக்கொடுத்தது நடனமும் இல்லை, யோகாவும் இல்லை. உட்காருவது, எழுந்திருப்பது, குனிவது, நடப்பது. அவ்வளவுதான். "இதுக்குப் போய் ஒரு வகுப்பா?" என்று சிரித்தவர்கள் எல்லாம் முதுகு பிடித்துக்கொண்ட அன்று வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் மாணவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். முகம் பார்த்து நின்றால் அவருடைய வலது பார்க்கிறவர்களுக்கு இடது பக்கமாகத் தெரியும், கை மாறிப்போகும். பின்னால் யார் தப்பாகச் செய்கிறார்கள் என்பதைப் பாதம் தேயும் சத்தத்திலேயே டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லி அதட்டுவார்.

பாண்டீஸ்வரி அவரிடம் கற்றுக்கொண்டு, ஒரு மண்டபத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்துத் தனியாக வகுப்பு நடத்தினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஊரடங்கு வந்தது. மண்டபத்தைப் பூட்டினார்கள். லாரி ஓட்டும் புருஷன் நாக்பூர் பக்கம் லாரியோடு மாட்டிக்கொண்டான். வீட்டில் பக்கவாதம் வந்து வலது கை சரியாக வராத மாமனார், பள்ளிக்கூடம் இல்லாத சின்ன மகள். இவள் சொல்லிக்கொடுத்தால்தான் அடுப்பு எரியும்.

ஆகவே வகுப்பு செல்போனுக்குள் வந்தது. வீடோ ஒற்றை அறை. மண்டபத்தில் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொடுத்தவள் இப்படி ஒரு வீட்டில் இருக்கிறாள் என்று மாணவர்களுக்குத் தெரிய வேண்டுமா? மாமனாரின் வேட்டி ஒன்றைக் கொடியில் குறுக்கே தொங்கவிட்டாள். வேட்டிக்கு இந்தப் பக்கம் ஜன்னல், ஜன்னல் கட்டையில் போன், அதைப் பார்த்தபடி அவள். அந்தப் பக்கம் கட்டில், அடுப்பு, துணிமூட்டை, மாமனார், மகள். வகுப்பு முடியும்வரை அந்தப் பக்கத்திலிருந்து இருமல்கூட வரக்கூடாது என்பது கட்டளை. குழந்தை தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கட்டைவிரலை வாயில் காட்டித்தான் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாண்டீஸ்வரி குருவுக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், நாளையோட வகுப்பை மூடிடுறேன்."

"ஏன்க்கா?"

"வீட்டையும் வகுப்பையும் ஒண்ணா இழுக்க என்னால முடியல."

"இவ்வளவு நாளா இழுத்தீங்களே."

"இன்னைக்குக் காலையில மாமா விழுந்துட்டாரு டீச்சர். வேட்டிக்கு அந்தப் பக்கம். சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் திரும்பல. போன்ல பேங்க் மேடம் அப்பத்தான் ஒத்தைக் கால்ல நின்னுட்டிருந்தாங்க. அவங்க கால இறக்குற வரைக்கும் நின்னு எண்ணிக்கிட்டிருந்தேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?"

சொல்லிவிட்டு அழுதாள். குரு அவளை அழவிட்டார்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"முழங்கையில சிராய்ப்பு. கேட்டா, சொம்பு விழுந்துச்சுங்கிறாரு. எனக்குத் தெரியாதா சொம்புச் சத்தம்?"

"வேட்டிய விலக்கிப் பாத்தப்ப எங்க இருந்தாரு?"

"கட்டில்ல உக்காந்திருந்தாரு."

"யாரு தூக்கி உக்கார வெச்சா?"

பாண்டீஸ்வரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனுஷன் விழுந்தார் என்று அழுதுகொண்டிருக்கிறாள், இவர் என்ன போலீஸ் மாதிரி விசாரிக்கிறார்?

"அதெல்லாம் நான் கேக்கல டீச்சர். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வீடா, வகுப்பா? எதை விடட்டும்?"

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு. கடைசி வகுப்பு."

"வர்றேன்."

"நீங்க எப்படி வருவீங்க? தெருமுனையில போலீஸ் நிக்குது."

"கீரை வாங்கப் போறேன்னு சொல்லிக்கிறேன்."

மறுநாள் காலை முகக்கவசமும் மஞ்சள் பையுமாக எமல்டா டீச்சர் வந்து நின்றார். பாண்டீஸ்வரி போனுக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். டீச்சர் அதைத் தாண்டிப் போய் வேட்டியைத் தூக்கினார்.

"ஐயோ, அங்க எதுக்கு டீச்சர்? ஒரே அலங்கோலமா கிடக்கு!"

டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு வேட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

வகுப்பு தொடங்கியது. போனில் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிலர் தெரிந்தார்கள். முன்பு இதைப்போல இரண்டு மடங்கு பேர் இருந்தார்கள். மண்டபத்தில் முதுகைக் காட்டி நின்றவள் போனில் முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. வீட்டுப் பக்கம் திரும்பி நின்றால் யார் தப்பாகச் செய்கிறார்கள் என்று தெரியாது, போனில் யாருடைய பாதமும் தேய்வது கேட்காது. அதனால் தினமும் இதே கூத்து.

"வலது கைய மேல கொண்டு போங்க."

பாதிப் பேர் இடது கையைத் தூக்கினார்கள்.

"மேடம், உங்க வலதா, எங்க வலதா?" என்றார் பேங்க் மேடம். அவர் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம்.

ஒருவழியாக வகுப்பு முடியப் போனது. பாண்டீஸ்வரி கைகளைக் குவித்துக்கொண்டு நின்றாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

"உங்க எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும்..."

பொத்.

வேட்டிக்குப் பின்னால் யாரோ விழுந்த சத்தம். இந்த முறை அவள் போனையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பாய்ந்து போய் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் கொடியும் அறுந்து கையோடு வந்துவிட்டது.

மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தரையில் மல்லாந்து கிடந்தது எமல்டா டீச்சர்.

"டீச்சர்! என்ன ஆச்சு?"

டீச்சர் அவளைப் பார்க்கவே இல்லை. மேலே கிழவரைப் பார்த்தபடி கிடந்தார்.

"ஐயா, நான் விழுந்துட்டேன். எப்படி எந்திரிக்கிறது?"

பாண்டீஸ்வரி தூக்கக் குனிந்தாள். மாமனார் இடது கையால் அவளைத் தடுத்தார்.

"நீ சும்மா இரு பாண்டி. தூக்கக் கூடாது. தூக்கினா தோள்பட்டை போயிரும்." பிறகு டீச்சரிடம் குனிந்தார். "பதறாதீங்க டீச்சரம்மா. தரை எங்கயும் ஓடிடாது. மொதல்ல மூச்ச விடுங்க. ஆங். இப்ப ஒருக்களிச்சுத் திரும்புங்க. நல்ல கைய முன்னால ஊனுங்க. முட்டிய மடக்குங்க. தலை கடைசியாத்தான் வரணும். வேலைய இடுப்புக்குக் குடுங்க, கழுத்துக்குக் குடுக்காதீங்க."

டீச்சர் அப்படியே செய்தார். ஒருக்களித்தார், கையை ஊன்றினார், முட்டி போட்டார், கட்டிலைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. 'தரை எங்கயும் ஓடிடாது' என்பது அவள் தினமும் போனில் சொல்கிற வார்த்தை.

"மாமா, இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? நீதான்."

"நான் ராத்திரி வந்து செய்யச் சொன்னா மாட்டேன்னுதான சொன்னீங்க? போத்தா, போய்ப் படுன்னு விரட்டினீங்களே!"

கிழவர் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள். சொறிந்தது வலது கை.

"ராத்திரி நேர்ல வந்து நிக்கிறப்ப உன் மூஞ்சியில அலுப்பு தெரியும்த்தா. அதப் பாத்துக்கிட்டு எப்படிச் செய்யச் சொல்ற? காலையில ஜன்னல் வெளிச்சத்துல உன் நெழலு வேட்டியில விழுகும். நல்லாப் படம் காட்டுன மாதிரி தெரியும். நெழலுக்கு ஏது அலுப்பு? அது கையத் தூக்கினா நானும் தூக்குவேன். தினமும் செய்யறேன்."

"தாத்தா குதிக்கக்கூடப் பாத்தாரும்மா," என்றது குழந்தை. உடனே பயந்து வாயை மூடிக்கொண்டது.

"அப்ப நேத்து?"

"நேத்து ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னீல்ல. நானும் நின்னேன். விழுந்துட்டேன். ஒருக்களிச்சேன், எந்திரிச்சேன். நீ எண்ணி முடிக்குறதுக்குள்ள கட்டிலுக்கு வந்துட்டேன். உன்னக் கூப்பிட வேண்டிய வேலையே இல்ல."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல மாமா? சொம்பு விழுந்துச்சுன்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"விழுந்தேன்னு சொன்னா வகுப்ப நிப்பாட்டிருவ. அப்புறம் நான் யாரப் பாத்துச் செய்யறது?"

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. மாமனாரின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் விரல்களை இறுக்கினார். அந்தக் கையில் இறுக்கம் இருந்தது. எமல்டா டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பாண்டீஸ்வரி!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஐயாவ மறைக்கிற."

பேங்க் மேடம். போன் அணையவே இல்லை. ஒருத்தர் விடாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டில், அடுப்பு, கழுவாத பாத்திரம், துணிமூட்டை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பாண்டீஸ்வரி பதறிப்போய் வேட்டியை விரித்துப் பிடித்தாள்.

"அத எதுக்கும்மா தூக்குற? அந்த எந்திரிக்கிறது எனக்கு இன்னும் வரல. ஐயாவ இன்னொரு தடவ சொல்லச் சொல்லு. எங்கம்மாவும் இங்க பாத்துக்கிட்டிருக்காங்க." பேங்க் மேடம் போனைத் திருப்பினார். அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஓர் அம்மாள் இருந்தார். இத்தனை நாளும் அவர் அங்கே இருந்தது யாருக்கும் தெரியாது.

பாண்டீஸ்வரி வேட்டியை மடித்துக் கட்டிலில் போட்டாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அவள் சொல்லவே இல்லை.

"அம்மா, இப்பப் பேசலாமா?" என்று கேட்டது குழந்தை.

"பேசுடி என் தங்கமே. கத்து."

குழந்தை உண்மையிலேயே கத்தியது.

பாண்டீஸ்வரி நடு அறையில் வந்து நின்றாள். மண்டபத்தில் நிற்பது போலவே மாணவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கண்ணெதிரே அவள் வீடு இருந்தது.

"வலது கைய மேல கொண்டு போங்க. மாமா, போனைப் பாருங்க. எல்லாரும் சரியாச் செய்யறாங்களா?"

"எல்லாம் சரி. அந்தக் கண்ணாடிக்காரம்மா மட்டும் குனிஞ்சு எதையோ தேடுது."

அதற்குப் பிறகு வகுப்பு நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் கூடியது. மாமியார், பிள்ளை, வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி என்று யார் யாரோ பின்னாலிருந்து முன்னால் வந்தார்கள். சிக்னல் கிடைத்த ஒரு நாள் நாக்பூரிலிருந்து புருஷனும் வந்தான். லாரிக்கு முன்னால் நின்று அவன் தோளைச் சுற்ற, அவனுக்குப் பக்கத்தில் இரண்டு சர்தார்ஜி டிரைவர்களும் சுற்றினார்கள். பாண்டீஸ்வரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்பு எரிந்தது. குழம்பும் சிலநாள் தீய்ந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எமல்டா டீச்சரும் ஒரு கட்டத்தில் மாணவியாக வந்து நிற்கத் தொடங்கினார்.

ஆனால் ஒரு வம்பு கிளம்பியது. கிளப்பியது மாமனார்தான்.

"ஏத்தா பாண்டி, இத்தனை நாளா நெழலுல உன் முதுகப் பாத்துப் பழகிட்டேன். இப்ப என்னப் பாத்து நின்னுக்கிட்டு வலதுங்கிற. எனக்குக் கை மாறுது!"

சரியென்று அவள் மாமனாருக்கு முதுகைக் காட்டிப் போன் பக்கம் திரும்பினாள். உடனே கட்டங்களிலிருந்து கூச்சல் எழுந்தது.

"மேடம், எங்களுக்கு மாறுது!"

"உங்க வலதா, எங்க வலதா?"

"நாக்பூருக்கும் மாறுதுடி!"

பாண்டீஸ்வரி இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். எமல்டா டீச்சரின் கட்டத்தைத் தேடிப் பிடித்தாள். டீச்சர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இவருக்கு முதுகக் காட்டினா உங்களுக்கு மாறுது, உங்களுக்குக் காட்டினா இவருக்கு மாறுது. நான் எந்தப் பக்கம் பாத்துத்தான் நிக்கட்டும்?"

டீச்சர் காலை இறக்காமலே சொன்னார்.

"நிக்காதீங்கக்கா. திரும்பிக்கிட்டே இருங்க."