முந்நூற்று நாற்பது படி

செங்கரட்டூர் ராஜாவின் தர்பார் மலை உச்சியில் இருந்தது. கீழே ஊர், மேலே நியாயம், நடுவில் முந்நூற்று நாற்பது படி. நியாயம் வேண்டுமென்றால் மூச்சு வாங்க ஏறிப் போக வேண்டியதுதான். ராஜாவுக்கும் பிரதானிக்கும் அந்தக் கவலை இல்லை. அவர்கள் பல்லக்கில் போவார்கள், பல்லக்கிலேயே வருவார்கள்.

அந்தப் பிரதானி இருக்கிறாரே, திருமேனிநாதர், அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் நல்ல கனம்; நடக்க முடியாது என்று சொல்லி அரண்மனைப் பல்லக்கு வாங்கியவர். தூக்குகிற எட்டுப் பேரைக் கேட்டால் சொல்வார்கள். அவருடைய மைத்துனன் மலையடிக் கோயில் வாசலில் பட்சணக்கடை போட ஆசைப்பட்டான். ஆனால் நிழலான அந்த ஒரே இடத்தில் நாச்சாயி பூக்கடை வைத்திருந்தாள்.

நாச்சாயிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு இரண்டு காலும் சூம்பிவிட்டன. கையை ஊன்றித்தான் நகருவாள். பழைய ராஜா இரக்கப்பட்டு, கால் வராதவர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. அவள் சோறு தின்பது அந்தக் கடையால்தான்.

சும்மா பிடுங்கினால் ஊர் ஏசும். ஆகவே பிரதானி ஒரு சட்டம் போட்டார்.

"மகாராஜா, கால் வரவில்லை என்று பொய் சொல்லிச் சலுகை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இனி வருஷத்துக்கு ஒரு தரம் அவர்கள் தர்பாருக்கு நேரில் வந்து காலைக் காட்ட வேண்டும். பிறர் தூக்கி வரக் கூடாது. வராதவர்களின் சலுகை ரத்து. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்!"

ராஜாவுக்குச் சட்டம் என்றால் சர்க்கரை. உடனே முத்திரை குத்திவிட்டார்.

தண்டோரா கேட்டு நாச்சாயி ஆடிப்போனாள். அரசவையில் வாய்க்குப் பேர்போன விகடகவி சடையாண்டி அன்றைக்குப் பூ வாங்க வந்தான். அவள் கண் சிவந்திருந்தது.

"என்ன தாயி, யார் மேலே கோபம்?"

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. படியேறிப் போனா, 'அதான் ஏறி வந்துட்டியே, கால் நல்லாத்தானே இருக்கு'ன்னு கடையைப் பிடுங்குவாங்க. போகலைன்னா, வரலைன்னு பிடுங்குவாங்க. நேரா 'எந்திரிச்சுப் போடி'ன்னு சொல்லியிருக்கலாம்ல? இதுக்கு எதுக்கு ஒரு சட்டம்?"

சடையாண்டி ஒரு முழம் மல்லிகையைக் காதோரம் செருகிக்கொண்டு நேரே படியேறினான்.

"மகாராஜா! பிரதானியார் சட்டம் மாதிரி ஒரு சட்டத்தை நான் பார்த்ததே இல்லை!" என்றான் உள்ளே நுழைந்ததுமே.

திருமேனிநாதருக்கு முகமெல்லாம் பல்.

"ஒரே ஒரு குறை. பாதிதான் அமலாகியிருக்கிறது. நடக்க முடியாது என்று சொல்லி அரண்மனைப் பல்லக்கு வாங்கியிருக்கிறார்களே சில பெரிய மனிதர்கள், அவர்களுக்கு மெய்யாகவே கால் வரவில்லையா? யார் சோதித்தது?"

பிரதானியின் பல் மறைந்தது.

"அவர்களும் நேரில் போய்க் காலைக் காட்டட்டும். தூக்கிக்கொண்டு போகக் கூடாது. உச்சியில் இருப்பவர்கள் மலையடிக்கு இறங்கட்டும். நாளை உச்சிப்பொழுதுக்குள் வராதவர்களின் பல்லக்கு ரத்து. தங்களுக்கு மட்டும் விலக்கு, மகாராஜா."

விலக்கு என்றதும் ராஜாவுக்குக் குஷி. "பிரதானி, என்ன சொல்கிறீர்?"

என்ன சொல்வார் பாவம்! எல்லோருக்கும் ஒன்றுதான் என்று மார்தட்டியவர் ஆயிற்றே. தலையை ஆட்டி வைத்தார்.

"காலை யார் பார்ப்பது?" என்று கேட்டார் ராஜா.

"கால் விஷயம் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்திதான். நாச்சாயி."

மறுநாள் ஊரே மலையடியில் கூடிவிட்டது. ராஜா பல்லக்கில் வந்து நிழலில் இறங்கினார். மேலே பார்த்தால் பிரதானி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கிறார். நாலு படிக்கு ஒரு தரம் உட்காருகிறார். முட்டியைப் பிடிக்கிறார், முருகனைக் கூப்பிடுகிறார். கடைசிச் சில படிகளை உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தார். நாச்சாயி முன்னால் வந்து விழுந்தபோது உச்சிப்பொழுதுக்கு ஒரு நாழிகைதான் பாக்கி.

நாச்சாயி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு அவர் காலை உற்றுப் பார்த்தாள்.

"நடந்தே வந்துட்டீங்களா ஐயா?"

"வந்துவிட்டேன்..."

"அப்ப கால் நல்லாத்தான் இருக்கு. பல்லக்கு ரத்து."

"அடிப் பாவி! நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? பார், கையெல்லாம் சிராய்ப்பு!"

நாச்சாயி தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். முப்பது வருஷத்துக் காய்ப்பு. "தெரியும் ஐயா. ஆனா வந்துட்டீங்கல்ல?"

"வராவிட்டால் பல்லக்கைப் பிடுங்குவீர்கள்! வந்தாலும் பிடுங்குவீர்கள்! எந்த மடையன் போட்ட சட்டமடி இது?"

கூட்டம் சடையாண்டியைத் திரும்பிப் பார்த்தது.

சடையாண்டி மடியிலிருந்து அந்தச் சட்ட ஓலையை எடுத்தான். "பேர் அடியிலேயே இருக்கிறது, பிரதானியாரே. வாசித்துக் காட்டட்டுமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று பூக்கூடையில் விழுந்தது. ஓலையை வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டார்.

"பல்லக்கு ரத்தானது ரத்தானதுதான். நாச்சாயி, கடை உன்னுடையது. இனி யாரும் உன் காலைப் பார்க்க மாட்டார்கள். வேறு என்ன வேண்டும், கேள்."

"தர்பாரைக் கீழே இறக்குங்க மகாராஜா. எனக்கு மட்டும் இல்லீங்க. பிள்ளைத்தாச்சி, வயசாளி, கண்ணு தெரியாதவங்க எல்லாருக்கும் நியாயம் வேணும். எத்தனை நாள் நாங்க மேலேயே பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

ராஜா தாடியைத் தடவினார். "முன்னோர் வைத்த இடமாயிற்றே. பிரதானி ஒப்ப வேண்டுமே..."

எல்லோரும் திருமேனிநாதரைப் பார்த்தார்கள். பல்லக்கு போன திருமேனிநாதர், தான் ஏறிப் போகவேண்டிய முந்நூற்று நாற்பது படியையும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"அற்புதமான யோசனை மகாராஜா!" என்றார். "நாளைக்கு எதற்கு? இன்றைக்கே இறக்கிவிடலாம்!"