பெரிய கேமரா ஹம்பிக்குப் போன கதை

தென்காசியில் ஒரு வீட்டு அலமாரியில் இரண்டு கேமராக்கள் குடியிருந்தன.

மேல்தட்டில் பெரிய கேமரா. அதற்குத் தனிப் பை, இரண்டு லென்சுகள், துடைப்பதற்கு மூன்று வகைத் துணி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், மூன்று கால் ஸ்டாண்டு என்று ஒரு பரிவாரமே உண்டு. கீழ்த்தட்டில், சீப்புக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவே, சின்ன கேமரா. அதற்குச் சொந்தமென்று மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு கயிறு மட்டும்.

வீட்டில் செல்போன்களும் இருந்தன. ஆனால் அவை எந்நேரமும் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருந்ததால் இந்தக் கதைக்குள் வர அவற்றுக்கு ஒழியவில்லை.

பெரிய கேமராவைப் பதினோரு வருஷத்துக்கு முன் வாங்கியவர் குற்றாலிங்கம். நில அளவைத் துறையில் வேலை. எதையும் மூன்று கால் போட்டு நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்தான் அது இருக்கிறது என்று ஒத்துக்கொள்வார். சின்ன கேமராவை வாங்கியவள் அவருடைய ஒரே மகள் செண்பகா. முதல் சம்பளத்தில் வாங்கினாள்.

அடுத்த மாதம் அவள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். அதற்கு முன் வீட்டில் மூன்று பேருமாக ஹம்பிக்குப் போய்வருவது என்று முடிவானது. எந்தக் கேமராவைக் கொண்டுபோவது என்பதில்தான் பேச்சு நின்றது. பெரியது இல்லாமல் பயணமா என்றார் அப்பா. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்குப் பெயர் பயணமா என்றாள் மகள்.

குற்றாலிங்கத்தின் மனைவி உலகம்மை அரிசி களைந்துகொண்டே இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆயிரக்கணக்கில் போட்டோ கிடக்கிறது. சீசன் அருவி கிடக்கிறது, ஐஸ்கிரீம் நக்கும் குரங்கு நாலு கோணத்தில் கிடக்கிறது. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றாவது உண்டா என்று கேட்டாள். இல்லை. எடுக்கிறவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால். அதிகபட்சம், தரையில் அவர் நிழல் விழுந்திருக்கும்.

"ரெண்டையும் எடுத்துக்கோங்க. நாம மூணு பேரும் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ எது எடுக்குதோ அது வீட்டுல இருக்கட்டும். இன்னொண்ணைக் கடையில குடுத்துட்டு ஒரு மிக்ஸி வாங்குவோம்" என்றாள்.

குற்றாலிங்கம் உடனே சம்மதித்தார். எது ஜெயிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அலமாரியிலும் அதே நினைப்புத்தான். பெரிய கேமரா மேலிருந்து குனிந்து பார்த்தது.

"ஏல தம்பி, உன் மூஞ்சியில இருக்கிறது லென்சா, இல்ல யாரோட சட்டைப் பொத்தானாவது வந்து ஒட்டிக்கிட்டுதா?"

"பொத்தான்தான் அண்ணாச்சி. அதனாலதான் என்னைச் சட்டைப் பையிலயே வச்சிருக்காங்க."

ஸ்டாண்டு மூன்று காலும் குலுங்கச் சிரித்தது. பெரியது அதை ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. இருந்தாலும் அன்றிலிருந்து பெரியதுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அடுப்படியில் பழைய மிக்ஸி ஓடும்போதெல்லாம் அதன் லென்சு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

ரயிலில் பெரிய கேமராவுக்குக் கீழ்ப் படுக்கையில் பாதி இடம். குற்றாலிங்கம் பையின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மீதி இடத்தில் முழங்காலை மடக்கிப் படுத்தார். எதிர் இருக்கைக்காரர் மரியாதையாகக் காலைக் கீழே இறக்கிக்கொண்டு, உள்ளே சாமி விக்கிரகமா என்று கேட்டார். கேமரா என்று சொன்னதும் காலை மறுபடி மேலே தூக்கி வைத்துக்கொண்டார். சின்ன கேமரா செண்பகாவின் பையில், கொய்யாப்பழத்தோடு வந்தது.

ஹம்பியில் முதல் நாள், சூரிய உதயம் பார்க்க ஒரு பாறைக் குன்றில் ஏறினார்கள். குற்றாலிங்கம் ஸ்டாண்டை விரித்தார். பாறை சமமாக இல்லை. ஒரு காலைக் குறைத்தார், மற்றதை நீட்டினார். மட்டம் பார்த்தார். லென்சை மாற்றினார், துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். சூரியனுக்கு அன்று வேறு ஊர்களிலும் வேலை இருந்தது. அது உதித்துப் போய்விட்டது. அவர் நிமிர்ந்தபோது தலையில் வெயில் சுட்டது. அதற்குள் சின்னது, அம்மா கொட்டாவி விட்டதை, சூரியனை, குனிந்திருந்த அப்பாவின் முதுகை, பிளாஸ்க்கில் கடைசி வாய் டீ யாருக்கு என்ற சண்டையை எல்லாம் எடுத்து முடித்திருந்தது.

இரண்டாம் நாள் துங்கபத்திரையில் பரிசல். தண்ணீர் தெறிக்கும் என்று குற்றாலிங்கம் பெரியதைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. ஜிப்பை இழுத்து, அதற்கு மேல் ஒரு துண்டையும் சுற்றிவிட்டார். உள்ளே இருட்டில் பெரியதுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் உலகம்மையின் அலறல், பிறகு சிரிப்பு, பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு வெகுநேரம் ஓயவில்லை.

சாயங்காலம் விடுதி அறையில் பெரியது மெல்லக் கேட்டது.

"என்னத்துக்குல சிரிச்சாங்க?"

"பரிசலைப் பம்பரம் மாதிரி சுத்தி விட்டாரு ஓட்டுறவரு. அம்மா பயத்துல ஐயா சட்டைக் காலரைப் புடிச்சு, ரெண்டு பொத்தான் ஆத்தோட போயிருச்சு. கரையேறினப்புறமும் காலரை விடல."

"எடுத்தியா?"

"எடுத்தேன் அண்ணாச்சி. கொஞ்சம் கலங்கிப்போச்சு."

 தான் எடுத்திருந்தால் கலங்கியிருக்காது என்று சொல்லப் பெரியதுக்கு வாய் வந்தது. ஜிப்பு நினைவுக்கு வந்ததும் அடக்கிக்கொண்டது.

மூன்றாம் நாள்தான் கடைசி நாள். கல் தேர் நிற்கிற கோயிலுக்குப் போனார்கள். அந்தத் தேருக்கு முன்னால்தான் மூன்று பேர் படம் என்று உலகம்மை வீட்டிலிருந்தே தீர்மானித்திருந்தாள். அதற்கென்று தனியாக ஒரு புடவை கொண்டுவந்திருந்தாள்.

குற்றாலிங்கம் ஸ்டாண்டை விரித்தார். முதல் கால் தரையைத் தொட்டதும் விசில் கேட்டது. காவலர் வந்து, அனுமதிக் கடிதம் இல்லாமல் ஸ்டாண்டு வைக்கக் கூடாது என்று கன்னடத்திலும் கையாலும் சொன்னார். தானும் அரசு ஊழியர்தான் என்று குற்றாலிங்கம் எடுத்துச் சொன்னார். அதைக் கேட்டபின் காவலர் இன்னும் கண்டிப்பானார். ஸ்டாண்டு காலை மடக்கிக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் சுவரோரம் சாய்ந்தது.

அப்போது தாவணகெரேயிலிருந்து மனைவியோடு வந்திருந்த ருத்ரப்பா என்கிற ஜவுளிக்காரர், தானே எடுத்துத் தருவதாக முன்வந்தார். குற்றாலிங்கம் பெரிய கேமராவை அவர் கழுத்தில் மாட்டி, பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும், பொறுக்க வேண்டும், பிறகு மீதியை அழுத்த வேண்டும், மூச்சு விடக் கூடாது என்று பாடம் நடத்தினார். ருத்ரப்பா வியர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அவர் அழுத்தினார். பார்த்தால், மூன்று பேர் இருக்க வேண்டிய படத்தில் உலகம்மையின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. மிகத் துல்லியமாகத் தெரிந்தது.

மாட்டியிருந்தது தூரத்தில் இருப்பதை எடுக்கிற நீள லென்சு. மற்றதை, பாரம் என்று காலையில் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார் குற்றாலிங்கம். ருத்ரப்பா பின்னால் போனார். இன்னும் போனார். ஒரு மண்டபத்தைத் தாண்டிப் போனார். கடைசியில் உலகம்மையும் செண்பகாவும் முழுசாகத் தெரிந்த நேரத்தில், ஒரு சுற்றுலாக் கூட்டம் குறுக்கே வந்து, வழிகாட்டி பிடித்திருந்த கொடி குற்றாலிங்கத்தின் தலையை மறைத்துக்கொண்டு நின்றது. கூட்டம் நகர்ந்தால் அடுத்த கூட்டம். ருத்ரப்பா திரும்பி வந்து, மடியை நனைத்துவிட்ட குழந்தையைத் தாயிடம் நீட்டுவதுபோலப் பெரிய கேமராவை இரண்டு கையாலும் நீட்டினார்.

பெரியதுக்கு விளங்கிவிட்டது. அதன் காதில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

"தம்பி," என்றது, "வெளிச்சம் எறங்குறதுக்குள்ள போய் எடு. தேரோட சக்கரம் ரெண்டும் விழுற மாதிரி பாத்துக்க."

"அண்ணாச்சி…"

"போலே. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

செண்பகா சின்னதை ருத்ரப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அன்று முதன்முறையாகச் சிரித்தார். மூன்று பேரும் தேர் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படியில் உட்கார்ந்தார்கள். நடுவில் செண்பகா. ருத்ரப்பா கையைத் தூக்கினார்.

சட்டென்று உலகம்மை எழுந்துவிட்டாள்.

மூன்று பேராகப் படம் எடுக்கக் கூடாது. எடுத்தால் நடுவில் இருக்கிறவருக்கு ஆகாது. இத்தனை வருஷமாக ஆசைப்பட்டவளுக்கு அது அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது. நடுவில் இருப்பவள் அடுத்த மாதம் விமானம் ஏறப் போகிறவள்.

சரி, நான் நடுவில் வருகிறேன் என்று குற்றாலிங்கம் மாறி உட்கார்ந்தார். ருத்ரப்பா கையைத் தூக்கினார். உலகம்மை மறுபடி எழுந்து, அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே நடுவில் உட்கார்ந்தாள். ருத்ரப்பா கையைத் தூக்கினார். இப்போது எழுந்தவள் செண்பகா. பூனை குறுக்கே போனால் அதற்கு வழி விட்டு நடக்கிறவள், அஷ்டமியில் பரீட்சைக்குப் பணம் கட்டியவள்.

"நீ நடுவுல வேண்டாம்மா" என்றாள்.

"ஏட்டி, உனக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை இல்லையே?"

"இல்லைதான். ஆனா நீ நடுவுல வேண்டாம்."

ருத்ரப்பா கையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போக நேர்ந்தால், ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டு நாலு பேர் என்று கணக்குச் சொல்வது உலகம்மை வீட்டு வழக்கம். ஹம்பியில் கல்லுக்கா பஞ்சம்? குனிந்து காலடியில் கிடந்த ஒன்றை எடுத்தாள். விசில் கேட்டது. இங்கே ஒரு கல்லையும் இடம் மாற்றக் கூடாது என்றார் காவலர். ஒரு நிமிஷத்துக்குத்தான், இங்கேயே வைத்துவிடுகிறேன் என்று தமிழில் கெஞ்சினாள். எடுத்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே திரும்ப வைக்கச் சொன்னார். அப்படியானால் நீங்களே வந்து ஓரமாக நில்லுங்கள் என்றதற்கு, பணி நேரம் என்று நகர்ந்துவிட்டார். ருத்ரப்பாவின் மனைவி வர ஆசைப்பட்டாள். ஆனால் வந்தால் கணவரோடுதான் வருவாளாம். படுத்திருந்த ஒரு நாயைக் கூப்பிட்டார்கள். அது எழுந்து வேறு நிழலுக்குப் போய்விட்டது.

வெளிச்சம் மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது. உலகம்மை சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் பார்வை கணவரின் கழுத்தில் வந்து நின்றது.

"ஏங்க, அதை எறக்கி நடுவுல வைங்க."

"எதை?"

"உங்க செல்லத்தை. மூடியைக் கழட்டுங்க. கண்ணு தொறந்திருந்தாத்தான் ஆளுன்னு கணக்கு."

உலகம்மை மகளுக்கு மறுபக்கம் உட்கார, பெரிய கேமரா அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்காரவைக்கப்பட்டது. முன்பாரத்தில் குப்புற விழுந்துவிடாமல் இருக்கக் குற்றாலிங்கம் அதன் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான பேரை நேராக நிமிர்ந்து நில்லுங்கள் என்று நிறுத்திய கேமராவுக்கு, தன்னை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தம்பி, நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம் அண்ணாச்சி. அங்கேயே இருங்க."

ருத்ரப்பா அழுத்தினார்.

திரும்பும் ரயிலில் உலகம்மை அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்று தெரியாது. பிறகு, தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னாள். எடுத்தது சின்னது, சொன்ன சொல்படி அது வீட்டில் இருக்கும். பெரியதைக் கொடுத்துவிடலாம்தானே என்று செண்பகா வேண்டுமென்றே கேட்டாள்.

"எப்படிக் குடுக்கிறது? நாலுல ஒண்ணை வித்தா மறுபடி மூணாயிருமே."

குற்றாலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிக்ஸியைத் தன் செலவில் வாங்கித் தருவதாக ஜன்னலிடம் சொன்னார்.

செண்பகா இரண்டு கேமராக்களையும் ஜன்னலோரத்து மேசைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்க இறங்கினாள். சின்னது தன் திரையை ஏற்றி, படத்தை அண்ணாச்சிக்குக் காட்டியது.

பெரியது எல்லாரையும் போல முதலில் தன்னைத்தான் தேடியது. கழுத்து வார் முறுக்கிக்கொண்டிருந்ததை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று குறைப்பட்டது. தேர்ச் சக்கரம் இரண்டும் விழுந்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டியது. அப்புறம் மெதுவாக ஒவ்வொரு முகமாகப் போனது.

"அம்மா தெரியுது. பாப்பா தெரியுது. இந்தப் பக்கம் என் தலையில கை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரே, இவரு யாருல?"

விளையாட்டுக்குக் கேட்கிறது என்றுதான் சின்னது முதலில் நினைத்தது. விளையாட்டில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அண்ணாச்சி, அது நம்ம ஐயா."

பதினோரு வருஷமாகப் பெரிய கேமரா அவரை மிக நெருக்கத்தில்தான் பார்த்துவந்தது. கண் வைத்துப் பார்க்கும் துளையில் இமை முடி உரசுகிற நெருக்கத்தில். முன்பக்கம் துடைக்கும்போதுகூட அதற்குத் தெரிந்தது துணிதான். திரை மங்கிவிடாமல் சின்னது பிடித்துக்கொண்டிருந்தது. பெரியது வெகுநேரம் பார்த்தது.

"இவருக்கு ரெண்டு கண்ணா தம்பி?" என்றது.