உச்சிக் குடிசை

"ஒம்பது வருசமா அடியிலயே கெடக்கறனுங்கம்மா. எனக்குப் பொறகு வந்தவங்கெல்லாம் மேல போயிட்டாங்க. நான் ஊருக்கே போறேன்."

செங்கோடனுக்கு வயது அறுபது. ஆசிரமத்துக்கு வருமுன் கிணறு வெட்டிப் பிழைத்தவர். குரு வடிவம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஆசிரமம் குன்றின் சரிவில் இருந்தது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏழு வரிசைக் குடிசைகள். மேலே போகப் போக ஞானமும் கூடுவதாகச் சீடர்கள் தாங்களாகவே முடிவுகட்டியிருந்தார்கள்.

போன மாதம் வந்த குழந்தைவேலுவுக்கு உச்சிக் குடிசை கிடைத்தது. அன்றுமுதல் செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவர் குறட்டை விடறாருங்க" என்றார் குரு. "அங்கதான் யாருக்கும் கேட்காது."

செங்கோடன் சிரிக்கவில்லை. மூட்டையைக் கட்டிவிட்டார்.

குரு தடுக்கவில்லை. போகுமுன் ஒரு கிணறு மட்டும் வெட்டித் தரச் சொன்னார். குடிதண்ணீருக்கு ஆசிரமமே இரண்டு மைல் நடந்துகொண்டிருந்தது.

தன் குடிசைக்குப் பக்கத்திலேயே செங்கோடன் இடம் பார்த்தார். மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். மண்கூடையைக் கயிற்றில் இழுத்துக் கொட்டுகிற வேலை குழந்தைவேலுவுக்கு.

மாலைதோறும் குரு வந்து, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விசாரிப்பார். பத்தடி வந்தாயிற்று என்பார் செங்கோடன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அடுத்த வாரம் பதினாறு. நடுவில் நாலு நாள் பாறையோடு மல்லுக்கட்டினார். அப்போதும் ஊருக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை.

முப்பத்தெட்டாவது அடியில் ஊற்று பீறிட்டது.

அவர் போட்ட கூச்சலில் ஏழு வரிசைக்காரர்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி இறங்கினார்கள். குழந்தைவேலு கயிற்றைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். அப்படி ஒரு சந்தோஷம்.

குரு குனிந்து பார்த்தார். முழங்கால் தண்ணீரில் நின்று செங்கோடன் இரு கையாலும் தண்ணீரை அள்ளித் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"செங்கோடரே, உச்சிக் குடிசைய உங்களுக்கே ஒழிச்சுத் தாரேன். குழந்தைவேலுவும் சரின்னுட்டாரு. ஏறி வந்துருங்க."

உள்ளேயிருந்து முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"அது அவருக்கே இருக்கட்டுங்க" என்றார் செங்கோடன். "அந்த மூட்டையப் பிரிச்சுப் போடச் சொல்லுங்கம்மா. எனக்கு இன்னும் ரெண்டடி போகோணும்."