கேட்டுக்கு வெளியே ஒன்பது கல்

"உங்க சனத்துக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே கிடையாதா?"

தலைமையாசிரியர் சிற்றம்பலம் இப்படிக் கேட்டுக்கொண்டேதான் ஊரின் முதல் வீடான மசணியின் வாசலுக்கு வந்தார்.

குருவைத் தேடி வந்த சீடன் பேசும் பேச்சா இது என்று கேட்காதீர்கள். தாம் சீடன் என்பது அவருக்கு அப்போது தெரியாது. அவருக்கு வயது ஐம்பத்தாறு. எம்.ஏ., எம்.எட். மசணிக்கு நாற்பது இருக்கும். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அவரும் அதை நம்பியிருந்தார்.

மசணி சாக்கு விரித்துச் சீயக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"திரும்பிப் போங்க சார்."

"என்னம்மா சொல்றே?"

"ஊர் முனையில ஒரு கல்லு கெடக்குதுங்க. அதுல போயி ஒக்காருங்க."

"எதுக்கு?"

அவள் சீயக்காயைப் பரப்பத் தொடங்கிவிட்டாள்.

சிற்றம்பலத்துக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் காரியம் ஆக வேண்டுமே. போய் உட்கார்ந்தார்.

ஈச்சம்பதி என்ற அந்த மலைக் குடியிருப்பில் நாற்பது வீடுகள். பிள்ளைகள் எல்லாரும் அவர் பள்ளியில்தான் படிக்கிறார்கள். படிக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். போன வருடம் எட்டாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தது இரண்டே பேர். மற்றவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை கல்வி அலுவலர் வருகிறார். பதினைந்து பெற்றோராவது கூட்டத்துக்கு வந்து இந்தப் பள்ளி வேண்டும் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, அடிவாரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அது பதினெட்டு கிலோமீட்டர். பள்ளி நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. நடுவில் யானை போகும் பாதை. முப்பத்தோரு பிள்ளைகளும் வீட்டோடு நின்றுவிடும்.

பதினோரு வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார். பதினோரு வருடமாகத் தீர்மானப் புத்தகத்தில் ஒரே வரியைத்தான் எழுதிவருகிறார்: பெற்றோர் எவரும் வரவில்லை.

வெயில் ஏறியது. விறகுக் கட்டோடு இரண்டு பெண்கள் போனார்கள். அவரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாய் வந்து செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது.

கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. பள்ளி கேட்டுக்கு வெளியேயும் இதே மாதிரி ஒன்பது கற்கள் கிடந்தன. யார் கொண்டுவந்து போட்டார்களோ தெரியாது. அலுவலரின் ஜீப் திரும்ப இடைஞ்சல் என்று, திங்கட்கிழமைதான் ஆள் வைத்துப் பள்ளத்தில் உருட்டிவிடச் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மசணி வந்தாள். கையில் ஒரு செம்பு தண்ணீர்.

"குடிங்க சார். வாங்க, வூட்டுக்குப் போலாம்."

அவர் குடித்தார். குடித்த பிறகுதான் கத்துவதற்குத் தெம்பு வந்தது.

"இது என்னம்மா விளையாட்டு?"

"எங்க வழக்கமுங்க. ஆரு வந்தாலும் கல்லுல ஒக்காந்துக்குவாங்க. வூட்டுக்காரங்க தண்ணி கொண்டாந்து கூப்பிட்டாத்தான் உள்ள வருவாங்க. கூப்பிடாம வர்றது ஆனை ஒண்ணுதானுங்க."

"அதுக்காக ஒன்றரை மணி நேரமா? மனுஷனுக்கு வேற வேலை இல்லையா?"

"நாங்க பதினோரு வருசமா ஒக்காந்திருக்கமுங்க."

"எங்கே?"

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"உங்க கேட்டுக்கு முன்னாலதானுங்க."

சிற்றம்பலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கூட்டம் நடக்கும் நாளெல்லாம் கேட்டுக்கு வெளியே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவரே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். துவைத்த துணி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கல்லிலும் தரையிலுமாக, பேசாமல்.

"நான்... நீங்க பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்கன்னு நினைச்சேனே."

"ரெண்டு பஸ் போகுமுங்க சார். ஆரும் ஏற மாட்டம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வாட்ச்மேன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"எங்களைக் கூப்பிடுங்கன்னு நாங்களே எப்படிங்க கேக்கறது? வெக்கமா இருக்காதுங்களா? சீட்டுக் குடுத்தீங்க, வந்தம். பொழுது எறங்குனா, இன்னிக்கு வூட்டுக்காரருக்கு வேலையாட்ட இருக்குதுன்னு எந்திரிச்சு வந்துருவம்."

அந்தப் புத்தகமும் அந்த ஒரே வரியும் அவர் கையெழுத்தும் கண்முன் வந்து நின்றன.

மெதுவாகக் கேட்டார்.

"வந்து என்ன சொல்லணும்னு இருந்தே?"

"மத்தவங்க சங்கதி எனக்குத் தெரியாதுங்க. நான் என் பெரியவன் மருதனுக்காக வந்தேன். மூணு கூட்டத்துக்கு வந்தேன்."

மருதன். அவருக்கு நினைவு வந்தது. நாலாம் வகுப்பு. கடைசி பெஞ்சு. கரும்பலகையில் ஒன்று எழுதினால் அவன் நோட்டில் இன்னொன்று இருக்கும். வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தார். வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, அந்த வருடம் பாதி நாள் அவன் வெளியேதான் நின்றான். மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று எழுதினார். ஐந்தாம் வகுப்புக்கு அவன் வரவில்லை.

"மருதனுக்கு என்ன?"

"கண்ணு தெரியாதுங்க சார். தூரத்துல இருக்கறது அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."



"அவன் ஒரு நாளும் என்கிட்ட சொல்லலையேம்மா."

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சுட்டானுங்க. சின்னப் பையனுக்கு என்னங்க தெரியும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப தென்னந்தோப்புல வேலைக்குப் போறான். போன வருசம் கண் முகாம்ல கண்ணாடி குடுத்தாங்க. போட்டுக்கிட்டு பஸ்ஸுல வந்தான். உங்க பள்ளிக்கூடத்து முன்னால எறங்கி, போர்டுல இருக்கறதைப் பூராவும் படிச்சானாம். எழுத்துக் கூட்டி, நின்னு, பூராவும். வந்து எங்கிட்ட சொன்னான்."

சிற்றம்பலம் அந்தக் கல்லிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"மசணி, வெள்ளிக்கிழமை எல்லாரும் வாங்கம்மா. நான் கூப்பிடறேன். கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் செம்பை வாங்கிக் கவிழ்த்தாள்.

"திங்கக்கெழமை கல்லையெல்லாம் எடுத்துட்டீங்களே சார். இங்க ஒருத்தர் வாசல் கல்லை எடுத்துட்டா, இனி ஆரும் வர வேண்டாம்னு அர்த்தமுங்க. எங்கீங்க ஒக்காரறது?"

*

வெள்ளிக்கிழமை கல்வி அலுவலரின் ஜீப் வந்தபோது தலைமையாசிரியர் பள்ளத்தில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால் வரை சேறு. ஒன்பதாவது கல்லை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது கோலம்? பெற்றோர் எங்கே?"

"வருவாங்க சார். கொஞ்சம் அந்த ஓரமா ஜீப்பை நிறுத்தச் சொல்லுங்க."

அவர்கள் வந்தார்கள். துவைத்த துணி கட்டி, தலை வாரி வந்தார்கள். கல்லில் இடம் இல்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை.

சிற்றம்பலம் குடத்தோடும் செம்போடும் வெளியே வந்தார். முதல் கல்லில் மசணி. தண்ணீர் கொடுத்தார். "வாங்கம்மா, உள்ளே வாங்க" என்றார். அவள் குடித்துவிட்டு எழுந்து கேட்டைத் தாண்டினாள். அடுத்தவர். அதற்கு அடுத்தவர்.

அலுவலர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலையாக எண்ணினார். பதினைந்து தாண்டியது. முப்பது தாண்டியது. பதினோரு வருடமாக ஒருவரும் வராத ஊரா இது என்று பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

கடைசிக் கல்லில் ஓர் இளைஞன் மட்டும் மிச்சம் இருந்தான். கண்ணாடி போட்டிருந்தான்.

சிற்றம்பலம் தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"உள்ள வரட்டுங்களா சார்?"

"வாப்பா."

அவன் கேட்டைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், நேராக நாலாம் வகுப்பு அறைக்குள் போனான்.

அலுவலர் பேனாவை நிறுத்தினார்.

"இந்தப் பையனைப் பார்த்தா, பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைக்கு அப்பா மாதிரி தெரியலையே. யார் சார் இவன்? என்னன்னு எழுதறது?"

"நான் வெளியே நிற்க வெச்ச பையன்னு எழுதுங்க சார்."