வாலில்லாத அப்பா

வற்றாக்குளத்தில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. குளத்தின் தலைவர் கெட்டிமுதுகார் என்கிற ஆமை. உடம்பு முழுக்க ஓடு இருந்து என்ன பயன், மூக்கு வெளியில்தானே இருக்கிறது! கொசுக்கள் அந்த மூக்கையே பதம் பார்த்தன.

"கொசு பிடிக்கத் தவளை தேவை! உடனே வரவும்!" என்று தலைவர் அறிவித்தார்.

கரைக்கு அப்பால் ஒரு பழைய செங்கல் சூளை. அதன் பக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழி. அங்கிருந்து குண்டுக்கண்ணன் என்ற தவளை வந்தான். நல்ல உழைப்பாளி. பொழுதெல்லாம் நாக்கை நீட்டுவதும் இழுப்பதுமாகவே இருப்பான். கொசு குறைந்தது. தலைவரின் மூக்கு வீக்கமும் வடிந்தது.

"நீ இங்கேயே தங்கிக்கொள்ளலாம்!" என்று அவர் பெரிய மனது பண்ணினார்.

ஆனால் குண்டுக்கண்ணனுக்கு எந்தக் கொசுவும் தொண்டையில் இறங்கவில்லை. அவன் மனைவி பச்சையம்மாவும் பிள்ளைகளும் இன்னும் சூளைக்குழியில்தான் இருந்தார்கள். கோடை தொடங்கிவிட்டது.

"ஐயா, என் பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துடறேன். அங்க தண்ணி வத்திக்கிட்டே வருது. முழுசா வத்துனா எல்லாம் செத்துப் போயிடும்!"

தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"குடும்பமா? நான் நாக்கைத்தானேப்பா கூப்பிட்டேன்! அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருப்பார்கள் என்று யார் கண்டது? சரி, சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இந்தக் குளத்தில் இருக்க வேண்டுமானால் பெற்றவரைக் காட்ட வேண்டும். பெற்றவரும் பிள்ளையும் ஒரே ஜாடையாக இருக்க வேண்டும். கொடுக்கா, போய்ப் பார்த்துவிட்டு வா!"

கொடுக்கன் என்பது குளத்துக்குக் காவல் நிற்கும் நண்டு. நடப்பதுதான் பக்கவாட்டில். சட்டத்தை விட்டு எந்தப் பக்கமும் நகர மாட்டான். அவன் சூளைக்குழிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஐயா, மோசடி! அந்தப் பிள்ளைங்களுக்குக் கால் இல்லை, கை இல்லை. எல்லாத்துக்கும் வால் இருக்கு!"

"வாலா?" தலைவர் குண்டுக்கண்ணனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எங்கே, உன் வாலைக் காட்டு பார்ப்போம்!"

"எனக்கு ஏதுங்கய்யா வால்? எங்க புள்ளைங்க சின்னதுல அப்படித்தான் இருக்கும்!"

"மீன் பெற்றதை எல்லாம் உன் பிள்ளை என்று கூட்டிவரப் பார்க்கிறாயா? மனு தள்ளுபடி!"

கரையோரம் வேடிக்கை பார்த்த கெண்டைகள், "ஐயய்யோ, எங்களுது இல்லைங்க!" என்று கலைந்து ஓடின.

குண்டுக்கண்ணன் மறுபடி மறுபடி கெஞ்சினான். ஒரு வழியாக, கொடுக்கனைத் தலைவர் மீண்டும் அனுப்பினார். போனவன் குழம்பிப்போய் வந்தான்.

"ஐயா, இப்ப கால் முளைச்சிருக்கு. வாலும் இருக்கு."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசித்தால் லேசில் முடியாது. நடுவில் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு எழுந்தார்.

"வால் உள்ளவர்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. கால் உள்ளவர்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டும் உள்ளவர்களுக்குப் பிரிவே இல்லை! ஏதாவது ஒன்றை முடிவு பண்ணிக்கொண்டு வரச் சொல்!"

"ஐயா, குழியில முட்டி ஆழம்கூட இல்லைங்க!"

"யார் முட்டி? தவளை முட்டியா, கொக்கு முட்டியா? எதையும் தெளிவாகச் சொல்லப் பழகு."

குழியில் தண்ணீர் சேறானது. பிள்ளைகளின் வாலும் மறைந்தது. கொடுக்கன் மூன்றாம் தடவை போய் வந்து சொன்னான்:

"ஐயா, இப்ப எல்லாம் அப்பனை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு!"

குண்டுக்கண்ணன் சந்தோஷத்தில் குட்டிக்கரணம் போட்டான். தலைவர் கையை உயர்த்தினார்.

"அவசரப்படாதே. நீ கேட்டது வாலுள்ள பிள்ளைகளுக்கு. அவர்கள் எங்கே?"

"அதே புள்ளைங்கதாங்கய்யா இது!"

"வாலுள்ள பிள்ளைகளைக் காணவில்லை. அப்படியானால் தொலைத்துவிட்டாய்! இருந்த பிள்ளைகளைத் தொலைத்த தகப்பனை நம்பிப் புதிதாகப் பிள்ளைகளை ஒப்படைக்க முடியுமா? தவிர, இவர்கள் தாவுகிறார்கள். தாவுகிறவர் பெரியவர். பெரியவர்கள் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு வரக்கூடாது!"

குண்டுக்கண்ணனுக்கு அழுகையாக வந்தது. ஆனால் அழுது என்ன செய்ய? குழியில் சேறும் காய்ந்துவிட்டது.

அதற்கு மேல் பச்சையம்மா பொறுக்கவில்லை. பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டாள். தரை அடுப்பாகக் கொதித்தது. தாவித் தாவிக் குளத்துக் கரைக்கு வந்து சேர்ந்தபோது எல்லோருடைய தோலும் வறண்டு சுருங்கியிருந்தது. கடைக்குட்டியால் கண்ணைக்கூடத் திறக்க முடியவில்லை.

கொடுக்கன் இரண்டு கொடுக்கையும் விரித்து வழியை மறித்தான்.

"அனுமதி இல்லாம ஒரு கால் உள்ள வைக்கக்கூடாது!"

"ஏங்க! சின்னவன் மூச்சு விடறதே தெரியலைங்க!" என்று பச்சையம்மா கதறினாள்.

குளத்துக்குள்ளிருந்த குண்டுக்கண்ணனுக்கு அது காதில் விழுந்தது. தலைவரைக் கேட்காமல் வெளியே போனால் அவன் அனுமதியும் போய்விடும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் உடம்பு சொட்டச் சொட்டத் தண்ணீரோடு ஒரே தாவாகத் தாவினான். சுடுமண்ணில் விழுந்து, கடைக்குட்டியைத் தன் ஈர வயிற்றோடு அணைத்துக்கொண்டான். மற்ற பிள்ளைகள் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டன. அந்த ஈரம் காய்வதற்குள் ஏதாவது நடந்தாக வேண்டும்.

சத்தம் கேட்டுத் தலைவர் மெதுவாகக் கரை ஏறி, கொடுக்கனைத் தாண்டி வெளியே வந்தார்.

"வெளியேறிவிட்டாயா? உன் அனுமதியும் ரத்து! எல்லோரும் வந்த வழியே போங்கள்!"

பச்சையம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பெத்தவங்களைக் காட்டணும்கிற சட்டம் எல்லாருக்கும்தானா?"

"எல்லோருக்கும்தான்! சட்டத்தில் வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது!"

"அப்ப உங்க அம்மா எங்கய்யா?"

தலைவரின் கழுத்து பாதி உள்ளே போனது.

"அது வந்து... ஆமைகள் வழக்கம் வேறு. அம்மா மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடுவாள். நான் பார்த்ததில்லை."

"மணல் குளத்துக்குள்ளயா இருந்துச்சு?"

"இல்லை, அதோ அந்த மேட்டில். ஓடு உடைந்ததும் தண்ணீர் வாசம் வந்தது. நடந்து வந்துவிட்டேன்."

"யாரைக் கேட்டு வந்தீங்க?"

தலைவர் பேச்சை வளர்க்க வேண்டாம் என்று குளத்தை நோக்கித் திரும்பினார். கொடுக்கன் குறுக்கே நின்றான்.

"மன்னிக்கணும் ஐயா. குளத்துக்குள்ள உங்க ஜாடையில வேற யாரும் இல்லை. பெத்தவங்களைக் காட்டிட்டு உள்ள போங்க."

"கொடுக்கா! நான் தலைவர்டா! போட்ட சட்டத்தை இப்போதே மாற்றுகிறேன்!"

"வெளியில நிக்கறவங்க சட்டம் மாத்த முடியாதுங்களே ஐயா. அதுவும் நீங்க போட்ட சட்டம்தான்."

உச்சி வெயில் தலைவரின் ஓட்டைச் சுட்டது. தவளைகளோடு அவரும் நின்றார். ஈரத்தில் லேசாகத் தெளிந்த கடைக்குட்டி அவரைப் பின்பக்கமாகப் பார்த்தது.

"அம்மா, இந்தத் தாத்தாவுக்கு இவ்ளோ வயசாகியும் இன்னும் வால் விழலையா?"

கெண்டைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கொடுக்கன் விறைப்பாக அவர்கள் பக்கம் திரும்பினான்.

"சிரிக்கிறது போதும்! சட்டம் எல்லாருக்கும்தான். அடுத்து நீங்க! உங்க அப்பா யாரு?"

சிரிப்பு சட்டென்று நின்றது. கெண்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பாசியில் ஒட்டிய முட்டையிலிருந்து தானாகப் பிழைத்த கூட்டம் அது. அப்பா யார் என்று ஒன்றுக்கும் தெரியாது.

"சட்டத்தைத் தூக்கிப் போடுய்யா!" என்று ஒரு கெண்டை அலறியது.

"உள்ள இருக்கற நாங்க சொல்றோம்! ரத்து! ரத்து!" என்று மொத்தக் குளமும் கத்தியது.

உள்ளே இருப்பவர்கள் சொன்னால் சட்டப்படி சரிதான். கொடுக்கன் கொடுக்குகளை மடக்கிக்கொண்டு விலகினான். குண்டுக்கண்ணன் கடைக்குட்டியோடு தண்ணீரில் பாய்ந்தான். பிள்ளைகள் தொபுக் தொபுக்கென்று குதித்தன. தலைவர் அவசரம் அவசரமாக நடுவில் புகுந்தார்.

"ஐயா, முந்தாதீங்க," என்றாள் பச்சையம்மா. "புள்ளைங்க போகட்டும். வரிசையில நில்லுங்க."

அடுத்தவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தச் சட்டம் போடுகிறவர், அதே சட்டம் அன்று இருந்திருந்தால் தான் உள்ளே வந்திருக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.