மயிலைப் பார்க்காதவள்

"சாமி, இவனுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுங்க."

செவ்வந்தி மகனை இடுப்பிலிருந்து இறக்கினாள். அவன் இறங்கவில்லை. காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, அவள் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தான்.

அந்த மலையடி மடத்துச் சாமிக்கு அவளைவிட வயது குறைவு. தாடிகூட இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. பிள்ளை பெறாத சாமிக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்று ஊரில் கேட்டுத்தான் அனுப்பினார்கள்.

"என்ன செய்யுது பையனுக்கு?"

"அழுகை சாமி. முதல் பிறந்தநாள் வரைக்கும் யார் தூக்கினாலும் சிரிச்சவன். இப்ப நடை பழகினதிலேருந்து என்னை விட மாட்டேங்கிறான். அடுப்படிக்குப் போனாலும் பின்னாலேயே வாரான். நாத்துப் பண்ணை வேலைக்கு நான் கிளம்பினேனோ, தரையில விழுந்து புரளுறான்."

"யார் பார்த்துக்கிறா?"

"எங்க மதினி, வீட்டுக்காரரோட அக்கா. தங்கமான மனுஷி. அவங்களாலேயே முடியல. அமாவாசைக்குள்ள அழுகை நிக்கலைன்னா வேலையை விட்டுருன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு."

"விட்டுருவியா?"

"மாட்டேன் சாமி. செடிக்குச் செடி ஒட்டுக்கட்டப் படிச்சு, நானா தேடின வேலை. அதான் கயிறு கேக்கேன்."

சாமி கறுப்பு நூலை எடுத்துத் திரிக்கத் தொடங்கினார்.

"காலையில கிளம்பும்போது யார்கிட்டச் சொல்லிட்டுப் போவ?"

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. "எல்லார்கிட்டயும்தான். போயிட்டு வாரேன்னு மதினிகிட்டச் சொல்லுவேன், பக்கத்து வீட்ல சொல்லுவேன். கட்டிக்கிடக்கிற ஆட்டுகிட்டக்கூடச் சொல்லுவேன்."

"பையன்கிட்ட?"

"அவனுக்கு என்ன புரியும்? அந்தா காக்கான்னு காட்டுவேன். அவன் பாக்கிற நேரத்துல நழுவிருவேன். இப்ப அதுக்கும் ஏமாற மாட்டேங்கிறான்."

சாமி தலையை ஆட்டினார். பிறகு தோட்டத்துப் பக்கம் கை நீட்டினார்.

"அந்தா பாரு, மயில்."

அவள் திரும்பினாள். வாழை மரங்கள்தான் நின்றன.

"எங்க சாமி?"

திரும்பிப் பார்த்தாள். சாமியும் இல்லை, நூலும் இல்லை.

அவள் கிணற்றடியில் பார்த்தாள். கொட்டகையில் பார்த்தாள். மடத்து நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வெயில் ஏறியது. பையன் இடுப்பில் கனத்தான். ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று பேசியதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். கோபம் வந்தது. அப்புறம் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

சாமி வந்தார். எங்கே போனேன் என்று சொல்லவில்லை. உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நூலைத் திரித்தார்.

செவ்வந்தி நெருங்கி உட்கார்ந்து நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தா பாரு, மயில்."

அவள் அசையவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

தோட்டத்தில் மயில் அகவியது.

"நெசமாவே மயில்தான். தோகையை விரிச்சு ஆடுது."

"ஆடட்டும் சாமி."

"ஏன் பாக்க மாட்டேங்கிற?"

"பாத்தா நீங்க போயிருவீங்க."

சொன்ன வாயை அவள் மூட மறந்தாள்.

குனிந்து பார்த்தாள். முந்தானையைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் வெளுத்திருந்தன.

அவள் நூலை விட்டாள். மகனைத் தூக்கிக்கொண்டாள்.

"கயிறு?" என்றார் சாமி.

"வேண்டாம். போயிட்டு வாரேன் சாமி."

மறுநாள் காலை அவள் மகன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அம்மா வேலைக்குப் போயிட்டு வாரேன். பொழுது சாய வந்துருவேன்."

அவன் தெருவே கூடும்படி அலறினான்.

"உனக்குக் கிறுக்கா?" என்றாள் மதினி. "காக்காயைக் காட்டிட்டுப் போயேன்."

"சொல்லிட்டுத்தான் போவேன் மதினி."

சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றுமுன் அவனிடம் போய், "வந்துட்டேன்" என்றாள். மறுநாளும் அப்படியே. அவனும் அப்படியே அலறினான்.

வேலை முடிந்து வரும் வழியில் மடத்தில் நுழைந்தாள்.

"முன்னைவிட அதிகமா அழறான் சாமி."

"நீ சொல்லிட்டுப் போற. அவன் உன்கிட்டச் சொல்லிட்டு அழறான்."

"அமாவாசை வருதே."

"அதுவும் சொல்லிட்டுத்தானே வருது. நீ வீட்டுக்குப் போ, பையன் பாத்துக்கிட்டு இருப்பான்."

அமாவாசையும் வந்தது. மதினி விடியவே சமைத்து, காக்கைக்கு மதில்மேல் சோறு வைத்தாள். கணவன் வாசலில் நின்றான்.

செவ்வந்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"போயிட்டு வாரேன்."

பையனின் கீழுதடு பிதுங்கியது. முந்தானையைப் பிடித்தான். அவள் பிடுங்கவில்லை. காத்திருந்தாள்.

மதில்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"கா," என்றான் அவன்.

யாரும் காட்டவில்லை. அவனாகவே முந்தானையை விட்டு, தத்தித் தத்தி மதிலைப் பார்த்து நடந்தான்.

அவள் படியிறங்கினாள். செருப்பு சத்தம் கேட்கும்படியே இறங்கினாள்.

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, காகம் சோறு தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.