அம்பலத்தாடி வேலை கேட்ட ஓலை

ரொம்ப காலத்துக்கு முன்னே, மலையடிவாரத்தில் ஏரிகளை நம்பிப் பிழைத்த ஒரு சின்ன நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், கெட்ட சேதி மட்டும் அவன் காதுக்கு ஆகாது. 'பட்டத்துக் குதிரை செத்துப்போச்சு' என்று ஓலை வாசித்தவனை, பொழுது சாயும்வரை லாயத்தில் நின்று கனைக்கச் சொன்னான். கனைத்து முடித்தவன் அப்படியே ஊரைவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் வாசிக்க ஆளில்லாமல், ஊர்களிலிருந்து வந்த ஓலைகளெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

"ஓலை வாசிக்கும் வேலைக்கு ஆள் தேவை! விருப்பமுள்ளவர் தங்கள் தகுதியை எழுதிக்கொண்டு சபைக்கு வரலாம்!" என்று பறை அறைந்தார்கள்.

சத்திரத்தில் சுருண்டு படுத்திருந்த அம்பலத்தாடி அதைக் கேட்டான். குறியூர்த் தலைவனிடம் ஓலை வாசித்தவன் அவன். ஏரி உடைந்து குறியூரே அடித்துக்கொண்டு போனபோது, அவன் மனைவி பொன்னியாளும் போய்விட்டாள். அன்றிலிருந்து அவன் ஏறி இறங்காத அரண்மனை இல்லை. எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "முன்னே வேலை பார்த்த இடம் என்ன ஆச்சு?" பதிலைக் கேட்டதும், "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

சத்திரத்துக்காரன் ஒரு வழி சொன்னான். "இன்னும் பெரிய இடத்தில் சேவை செய்ய ஆசைப்பட்டு நானே விலகி வந்தேன்னு எழுதிடுமய்யா. குறியூரில் போய் விசாரிக்கக்கூட ஆள் கிடையாதே!"

அம்பலத்தாடி அப்படியே எழுதினான். எழுதியதைப் படித்துப் பார்த்தான். நானே விலகி வந்தேன் என்றால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை, பொன்னியாள் சாகவில்லை என்றல்லவா ஆகிறது? ஓலையை முறித்து அடுப்பில் போட்டுவிட்டு வேறொன்று எழுதினான். இந்த வேலையும் கிடைக்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இருந்த ஒரே வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனான்.

சபையில் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் வீரசிங்கனுடையது. ராஜாவின் அருகே வேறு யார் வந்தாலும் அவனுக்கு வயிறு எரியும். அதனால் இந்த வேலைக்குத் தன் மருமகன் சொக்கேசனையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சொக்கேசனின் ஓலை பட்டில் சுற்றி, பன்னீர் தெளித்து, வெள்ளித் தட்டில் வந்தது. "நான் கால் வைத்த இடமெல்லாம் பொன் விளைந்தது" என்று தொடங்கி அது பாட்டுக்குப் போயிற்று. ராஜா தலையாட்டி ரசித்தான்.

அடுத்து அம்பலத்தாடி வந்தான். நேராக நின்று, இரண்டு கையாலும் ஓலையை நீட்டினான்.

"என் பெயர் அம்பலத்தாடி. ஊர் குறியூர். ஓலை வாசிக்கும் வேலை கேட்டு வந்திருக்கிறேன்."

அவ்வளவுதான். மந்திரி கூத்தனார் நிமிர்ந்து பார்த்தார். "சுருக்கமாகச் சொன்னீர். உமது ஓலையை நீரே வாசியும்."

அவன் வாசித்தான். "குறியூர்த் தலைவரிடம் வேலை பார்த்தேன். ஏரிக்கரை கசிகிறது என்று வந்த ஓலைகளை ஒன்று விடாமல் வாசித்தேன். அவர் கேட்கவில்லை. ஏரி உடைந்தது. ஊர் போயிற்று. என் மனைவியும் போனாள். எழுதியிருப்பதை எழுதியபடி வாசிப்பேன். வேறு தகுதி இல்லை."

"ஆகா, என்ன ராசியான கை!" என்று வீரசிங்கன் சிரித்தான். "எஜமானை ஏரியோடு அனுப்பிவிட்டு இங்கே வந்திருக்கிறார்!"

ராஜாவின் முகம் சுருங்கியது. "என் சபையில் வந்து இழவு வாசிக்கிறானா?"

கூத்தனார் குறுக்கிட்டார். "பொறுங்கள் மகாராஜா. மூலையில் கிடக்கிற ஓலை ஒன்றை இருவரும் வாசிக்கட்டும். எது பிடிக்கிறதோ, அவருக்கு வேலை."

"சரி. ஆனால் எவன் வாசித்து என் முகம் சுளிக்கிறதோ, அவன் இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது."

சொக்கேசன் ஓலையை எடுத்துப் பார்த்துவிட்டு மாமன் பக்கம் திரும்பினான். மாமன் ஓலையை எட்டிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். உடனே சொக்கேசனுக்குக் குரல் வந்துவிட்டது. "வடபேரேரி நிறைந்து ததும்புகிறது! கரை தாண்டி வந்து வயல்களைக் கொஞ்ச நீர்மகள் துடிக்கிறாள்!"

"பேஷ்! பேஷ்!" என்றான் ராஜா.

ஓலை அம்பலத்தாடி கைக்கு வந்தது. 'கரை பல இடத்தில் கசிகிறது. உடனே ஆள் அனுப்புங்கள்' என்று இருந்தது. வாசித்தால் துரத்துவார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். குறியூரில் பார்த்த அதே முகங்கள்தான் இங்கேயும் இருந்தன.

"மகாராஜா, அவர் வாசித்ததற்கு மேல் நான் என்ன வாசிக்க? வேலையை அவருக்கே கொடுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். இவ்வளவு நல்ல சேதி சொன்னவருக்கு அந்த ஏரிக்கரைக்குக் கீழேயே ஒரு வீடு கொடுங்கள். இன்றைக்கே குடிபோகட்டும்."

"கொடுத்துவிட்டால் போகிறது!" என்றான் ராஜா.

சொக்கேசன் முகம் வெளிறிப்போயிற்று. கூத்தனாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மாமாவும் குடும்பத்தோடு கூடப் போகட்டும், மகாராஜா. நீர்மகள் கொஞ்சும்போது அவர் மட்டும் இங்கே இருந்தால் எப்படி? வண்டி கட்டச் சொல்லட்டுமா?"

வீரசிங்கன் தடாலென்று காலில் விழுந்தான். "வேண்டாம் மகாராஜா! கரை கசிகிறது! எந்த நேரம் உடையுமோ..." சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்தினான்.

ராஜா ஆசனத்திலிருந்து எழுந்தான்.

"தெரிந்துகொண்டேதான் என்னைச் சிரிக்க வைத்தாயா?" என்றான் ராஜா. பிறகு திரும்பி, "அம்பலத்தாடி, எழுதியபடி வாசியும்" என்றான். வாசிக்க வாசிக்க ராஜாவின் முகம் சுளிக்கத்தான் செய்தது. ஆனால் கடைசிவரை கேட்டான்.

அங்கேயே அம்பலத்தாடிக்கு வேலை கொடுத்தான். மாமனையும் மருமகனையும் பட்டாடையைக் கழற்றவைத்து, கரைக்கு மண் சுமக்க அனுப்பினான். ஆனால் அந்த ஓலை வந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது கரையை மண் போட்டு நிறுத்துகிற கட்டம் தாண்டிவிட்டது. மனிதர்களை மட்டும் இழுத்துப் பிடித்து மேட்டில் ஏற்றினார்கள். சாயங்காலம் ஏரி உடைந்தது. வீடுகள், மாடுகள், விளைந்து நின்ற நெல் எல்லாம் கண்ணெதிரே போயின.

ஆட்களோடு கூட வந்து மேட்டில் நின்ற அம்பலத்தாடியின் தோளைப் பிடித்து, கரைக்குக் கீழே குடியிருந்த ஒருத்தி உலுக்கினாள். "அரண்மனை ஆளா நீ? ஓலை போட்டு எத்தனை நாளாச்சு! இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா? என் மாடு போச்சே, நெல்லு போச்சே! நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

காவலன் அவளை விலக்க வந்தான்.

"விடு. பேசட்டும்" என்றான் அம்பலத்தாடி.

நனைந்த சேலையோடு, முழங்கால்வரை சேறோடு, அவள் உயிரோடு நின்று திட்டினாள். தொண்டை கட்டும்வரை திட்டினாள். அவன் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.